மூன்று அடி, இரண்டு அடி

மகள் கைபேசியில் கியூபா நாட்டுப் பாட்டொன்றைப் போட்டாள். இரண்டு கட்டைகள் மோதும் சத்தம்: மூன்று அடி, சின்ன இடைவெளி, இரண்டு அடி. நான் துள்ளி எழுந்துவிட்டேன். இது எங்கள் ஊர் மருதமுனையின் தறிச் சத்தமல்லவா!

கப்பலில் வேலை செய்த மாமா இப்படியொரு பாட்டுக் கேசட்டைக் கொண்டு வந்தபோது எனக்கு எட்டு வயது. உறையில் ஏழெட்டுக் கறுப்பினத்தவர் மேளங்களோடு சிரித்தார்கள். அதுவரை உம்மாவும் அவரின் தங்கைகளான இரண்டு சாச்சிமாரும் ஆளுக்கொரு வேகத்தில்தான் நெய்தார்கள். கேசட் ஓடத் தொடங்கியதும் மூன்று தறிகளும் ஒன்றாக அடித்தன. கூரைத் தகரம் அதிர்ந்தது. நான் நூல் பெட்டியைத் தட்டிக்கொண்டு ஆடினேன்.

மறுநாள் வாப்பா, உம்மா நெய்து இறக்கிய கைலிச் சாரனை வெளிச்சத்தில் பிடித்தார். பாட்டு அழுத்திய இடத்தில் இவர்களும் அழுத்தி அடித்ததால், துணி முழுக்க நெருக்கமும் இளக்கமுமாகக் கோடுகள்.

“என்ன புள்ள இது? பெருநாளைக்குக் கேட்ட சாரன்! ஆரு இத வாங்குவான்?”

“ஒருத்தரும் வாங்க வேணாம், நீங்களே உடுங்க,” என்றார் உம்மா. “பாட்ட மட்டும் நிப்பாட்டாதீங்க.”

இத்தனை வருடமாக வைத்திருந்த அந்தச் சாரனை இப்போது அலுமாரியிலிருந்து எடுத்து, கோடுகளின் மேல் விரலை ஓட்டினேன். மூன்று, இரண்டு. மகளின் பாட்டோடு ஓர் அடிகூடப் பிசகவில்லை.