கேபிளைக் கழற்றச் சொன்னவன்

தேவசகாயம் இறந்த செய்தி செங்கோட்டை மரக்கடையிலிருந்து வந்தது. அவன் ஸ்டோர் கீப்பராக இருந்த கடை அது. காலை பத்தரை மணி இருக்கும். தென்காசியில் என் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் ஒரு லேப்டாப்பைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தேன். மரக்கடை மேனேஜர் புனலூர்க்காரர், மலையாளம் கலந்துதான் பேசுவார். "சங்கரா, நம்ம சகாயம் போயி" என்றார். வந்திறங்கிய தேக்குத் தடிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு தடிமேலேயே உட்கார்ந்தானாம். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டதாம். ஐம்பத்திரண்டு வயது. எனக்கும் அதே வயதுதான்.

குத்துக்கல்வலசையில் அவன் வீட்டுத் தெருவுக்குள் என் வண்டியைக் கொண்டுபோக முடியவில்லை. அவ்வளவு கூட்டம். வக்கீல் குமாஸ்தாக்கள், டியூஷன் டீச்சர்கள், பால் சொசைட்டிக்காரர், பக்கத்து ஊர்க் கோயில் தர்மகர்த்தா என்று பலரும் வந்திருந்தார்கள். எல்லாரும் தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் அவன் என்ன செய்துகொடுத்தான் என்பதைப் பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. நான் போனால் இதில் கால்வாசிக் கூட்டமாவது வருமா என்றுதான் மனசு கணக்குப் போட்டது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் லினக்ஸ் குழுவின் சுற்றறிக்கைக்கு அவனைப் பற்றி எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். அவனைப் பற்றி எழுதினால் என் பொறாமையைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. 'அவர்' என்று மரியாதையாகத் தொடங்கிப் பார்த்தேன். முப்பது வருஷமாக வராத வார்த்தை இப்போதும் வரவில்லை.

எனக்கு இது தொழில். கம்ப்யூட்டர் படித்தவன், சென்னையில் ஆறு வருஷம் சர்வர் அறையில் குளிரில் உட்கார்ந்து வேலை பார்த்தவன். அவனுக்கு இது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. பகலெல்லாம் மரத்தூளில் நின்றுவிட்டு, லீவு நாளில், விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச லினக்ஸ் இருக்கும் ஒரு பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் புறப்படுவான். கறுப்புத் திரையில் நான் கட்டளை தட்டிப் பத்து விநாடியில் முடிக்கும் வேலையை அவன் மவுஸைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் தேடுவான். அப்படியும் இந்த ஊரில் லினக்ஸ் என்றால் சகாயம், சகாயம் என்றால் லினக்ஸ்.

குற்றாலத்தில் நாம் முதன்முதலாகக் கூடியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சீசன் முடிந்து காலியாகக் கிடந்த ஒரு லாட்ஜின் சாப்பாட்டுக் கூடம். நான் ஒரு மணி நேரம் பேசினேன். கெர்னல் என்றால் என்ன, கட்டளைகளை எப்படிக் கோப்பது, எந்தக் கோப்பு எந்த அடைவில் கிடக்கிறது என்று ஒன்று விடாமல் சொன்னேன். முன்வரிசையில் இருந்த இரண்டு டீச்சர்கள் அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். அடுத்து சகாயம் எழுந்தான். அவன் பேசவே இல்லை, கேட்டான். காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் முதலில் என்ன செய்வீர்கள் என்று ஒவ்வொருவரிடமாகப் போய்க் கேட்டான். கடைசியில் கரும்பலகையில் ஐந்து வரி எழுதினான். இணையம் பார்க்க ஃபயர்ஃபாக்ஸ், கடிதமும் மார்க் பட்டியலும் போட லிப்ரே ஆபீஸ், படம் பார்க்க விஎல்சி, போட்டோவைத் திருத்த கிம்ப், எல்லாவற்றையும் நகல் எடுத்து வைக்க ஒரு வெளி டிஸ்க்.

"வீட்டுக்கு வேண்டியது அஞ்சே சாமான்தான். ஆறாவது வேணும்னா நீங்களே கேப்பிய" என்றான்.

இவற்றை யாரும் யாருக்கும் நகலெடுத்துக் கொடுக்கலாம், திருட்டு நகல் என்று பயப்பட வேண்டாம், பிடிக்காததைத் தெரிந்தவர்கள் மாற்றிக்கொள்ளலாம் என்பதையும் நாலு வார்த்தையில் சொல்லி முடித்தான். அன்றைக்கே எட்டுப் பேர் அவனிடம் முகவரி கொடுத்தார்கள். என்னிடம் ஒருவர் வந்தார். பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

இன்னொன்று என் வீட்டுக்குள்ளேயே நடந்தது. என் அப்பாவுக்குக் கை நடுக்கம் உண்டு. பழைய கணினி ஒன்றை நான்தான் அவருக்குக் கொடுத்திருந்தேன், லினக்ஸும் போட்டிருந்தேன். அவர் அதைத் திறப்பதே இல்லை. வயசாகிவிட்டது, ஆர்வமில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வந்த சகாயம், நான் குளித்துவிட்டு வருவதற்குள் அப்பா பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டான். யார் வீட்டுக்குப் போனாலும் அவன் முறை இதுதான். முதல் அரை மணி நேரம் எதையும் தொடமாட்டான், ஆள் எப்படி வேலை செய்கிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பான். அப்பாவால் இரண்டு தடவை அடுத்தடுத்து கிளிக் செய்ய முடியவில்லை. நடுக்கத்தில் இரண்டாவது கிளிக் வேறெங்கோ போய் விழுகிறது. ஒரு தடவை கிளிக் செய்தாலே கோப்பு திறக்கும்படி அமைப்பை மாற்றினான், எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினான். இரண்டு நிமிட வேலை. எனக்கு அந்த அமைப்பு எங்கே இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். அப்பாவின் கையைத்தான் நான் பார்க்கவில்லை. அதன்பின் சாகும்வரை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்: "சகாயம் தம்பி போட்டுக் குடுத்தது." கணினியை வாங்கிக் கொடுத்த மகன் அந்தப் பேச்சில் எங்கேயும் வரமாட்டான். அன்று முதல் அவன்மேல் எனக்கு இருந்தது வெறும் போட்டியில்லை, வயிற்றெரிச்சல்.

அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. அதை வைத்து நான் அவனைக் கூட்டத்துக்குக் கூட்டம் ஓட்டியிருக்கிறேன். ஒரு கணினியில் புதிதாக லினக்ஸ் போடும் முன், பெட்டியைத் திறந்து, ஆளுடைய கோப்புகள் இருக்கும் டிஸ்கின் கேபிளைக் கழற்றிவிடுவான். திரையில் எந்த டிஸ்கில் நிறுவ வேண்டும் என்று கேட்கும்போது அந்த டிஸ்க் கண்ணிலேயே படக்கூடாது, தவறி அதைத் தேர்ந்தெடுத்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். எல்லாம் முடிந்தபின் மறுபடி மாட்டுவான். திருப்புளியைத் தேடுவது, தூசி தட்டுவது, ஸ்குரூ கீழே விழுந்து குனிவது என்று இருபது நிமிடம் போகும். "ஸ்கிரீனப் படிக்கத் தெரிஞ்சவனுக்குக் கேபிள் எதுக்குக் கழட்டணும்?" என்று கேட்பேன். "தெரிஞ்சவனுக்குத்தாம்ல வேணும். தெரியாதவன் பயந்து பயந்து படிப்பான்" என்பான். நான் சிரிப்பேன், நீங்களும் சேர்ந்து சிரித்திருக்கிறீர்கள்.

இனி எழுதப்போவது உங்கள் யாருக்கும் தெரியாது.

கோமதியை உங்களுக்குத் தெரியும். மேலகரம் போகும் சாலையில் கல்யாணப் பத்திரிகை வடிவமைத்து அச்சுக்குக் கொடுக்கிறவள். அவளுடைய கணினியை லினக்ஸுக்கு மாற்றியவன் சகாயம். இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் பத்திரிகை போடப் பழக்கிவிட்டான். பழைய எழுத்துருவில் கிடந்த பத்திரிகைகளை எல்லாம் யூனிகோடுக்கு மாற்றிக்கொடுக்க அவனுக்கு நாலு மாத ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அந்தப் பழைய பத்திரிகைகள்தான் அவள் தொழிலுக்கு மூலதனம். நம் பக்கத்துக் குடும்பங்கள் வந்து நின்றதும் முதலில் சொல்வது, "மூத்தவ கல்யாணத்துக்குப் போட்ட மாதிரியே போட்டுருங்க" என்பதைத்தான். எந்தப் பெரியப்பா பெயர் எந்தச் சித்தப்பாவுக்கு மேலே, எந்தத் தாய்மாமனுக்குத் தனி வரி என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஒரு பெயர் இடம் மாறினால் பந்தியில் ஆள் உட்காரமாட்டார்.

நாலு வருஷத்துக்கு முன்னால், சகாயம் ஒரு கல்யாணத்துக்காகச் சிவகிரி போயிருந்த நாளில், நான் கோமதியின் கடைக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. உங்களிடம் இருப்பது பழைய பதிப்பு, சகாயத்துக்கு இதெல்லாம் பார்க்க நேரம் ஏது, அரை மணி நேரத்தில் புதுசு போட்டுத் தருகிறேன் என்றேன். அவனுக்கு இருபது நிமிடம் பிடிக்கும் முன்வேலையே இல்லாமல் முடித்துக் காட்ட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். பெட்டியைத் திறக்கவில்லை. ஒரே கொள்ளளவுள்ள இரண்டு டிஸ்குகள் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. பேசிக்கொண்டே கீழே இருந்ததைத் தேர்ந்தெடுத்து அழுத்தினேன். பத்திரிகைகள் இருந்த டிஸ்க் அதுதான்.

அவள் டீ வாங்கப் போனாள். நான் அழிந்த கோப்புகளை மீட்கும் மென்பொருளை ஓட்டிப் பார்த்தேன். பெயரில்லாமல், வெறும் எண்களோடு, பாதிப் பாதியாக ஏதேதோ வந்தன. ஒன்றைத் திறந்தால் மணமகன் இருக்கிறான், மணமகளைக் காணோம். திரும்பி வந்தவளிடம் டிஸ்கில் ஏதோ கோளாறு, பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவள் முகம் வெளுத்ததைப் பார்த்துவிட்டு, வெளியே வந்து, நடந்ததைச் சொல்லச் சகாயத்துக்குப் போன் செய்தேன். வேறு யாருக்குச் செய்ய?

பந்தியில் பாதியில் எழுந்து வந்தானாம். சாயங்காலம் நாலரைக்கு, பட்டு வேட்டியோடு, கையில் ஒரு வெளி டிஸ்கோடு வந்தான். மாதாமாதம் முதல் சனிக்கிழமை அவள் கோப்புகளை நகலெடுத்துத் தன் வீட்டில் வைத்துக்கொள்வது அவன் வழக்கம். கடைசிப் பதினைந்து நாளில் செய்த மூன்று பத்திரிகைகள் மட்டும் போயிருந்தன. அவற்றை மறுநாள் அவளோடு உட்கார்ந்து புதிதாகப் போட்டுக்கொடுத்தான். என்னை வைத்துக்கொண்டே அவளிடம், "டிஸ்க் பழசும்மா. மண்டையப் போட்டுட்டு. யாரு கையிலயும் தப்பில்ல" என்றான். அவளும் தலையாட்டினாள்.

வெளியே வந்து டீக்கடையில் நின்றோம். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் சண்டை போட்டு அவனைத் தலைமுழுகியிருப்பேன், மனசு லேசாகியிருக்கும். டீயைக் குடித்து முடித்து, "ஏலே, அடுத்தவாட்டி கேபிளக் கழட்டு" என்றான். அதோடு சரி. அதற்குப் பிறகு ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அந்தப் பெருந்தன்மையிலும் அவன் என்னை ஜெயித்துவிட்டானே என்று எரிந்தது.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் நான் ஜெயித்ததாக நினைத்திருந்தேன். அதன்பின் கோமதி பிரிண்டர் பழுது, கீபோர்டு மாற்றம், புதுக் கணினி என்று எல்லாவற்றுக்கும் என் கடைக்கே வந்தாள். தன் தங்கையை அனுப்பினாள், இரண்டு அச்சகக்காரர்களை அனுப்பினாள். சகாயத்திடமிருந்து ஒரே ஒரு ஆளாவது என் கைவேலையைப் பார்த்து என் பக்கம் வந்துவிட்டாள் என்று நாலு வருஷம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தேன்.

இதுவரை எழுதியதை அச்செடுத்து, போன வியாழக்கிழமை கோமதியிடம் கொண்டுபோனேன். அவள் பெயர் இதில் இருக்கிறது, அவளுக்குச் செய்த தப்பும் இருக்கிறது. அவளுக்குத் தெரியாமல் உங்கள் கைக்கு இது வரக்கூடாது. இனி என் கடைப்பக்கம் வரமாட்டாள் என்று நினைத்துக்கொண்டுதான் கொடுத்தேன். பத்திரிகை வெட்டும் மேசைமேல் தாளை வைத்து, விரலால் வரி பிடித்து நிதானமாகப் படித்தாள். படித்து முடித்துத் தாளைத் திருப்பி என்னிடமே தள்ளினாள்.

"இது எனக்குத் தெரியும் அண்ணாச்சி. அன்னைக்கு நீங்க வாசல்ல நிக்கும்போதே சகாயண்ணன் உள்ள வந்து சொல்லிட்டாவ. டிஸ்க் போயிட்டுன்னு உங்க முன்னால சொல்லப்போறேன், நீ தலையாட்டணும்னு சொன்னாவ."

பின் எதற்கு என் கடைக்கு வந்தாய் என்று கேட்டேன்.

"அவியதான் போகச் சொன்னாவ. நான் மாட்டேன்னுதான் சொன்னேன். அதுக்கு, சங்கரு என்னைவிட நல்லாத் தெரிஞ்சவன், இந்த ஊர்ல அவன் கையி மாதிரி ஒரு கையி கிடையாது, ஒருதரம் தப்பிட்டுன்னு அவன விட்டுராதன்னு சொன்னாவ." பிறகு, "நீங்க அவியகிட்ட கேட்டதில்லையா?" என்றாள்.

கேட்டதில்லை. முப்பது வருஷத்தில் அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வராதா என்று ஒவ்வொரு கூட்டத்திலும் காத்திருந்திருக்கிறேன். நான் ஜெயித்ததாக நினைத்த ஒரே வாடிக்கையாளரையும் அவன்தான் அனுப்பியிருக்கிறான்.

அவனுடைய வெளி டிஸ்கை அவன் மனைவி என்னிடம் தந்திருக்கிறார். நகலெடுக்கும் வேலையை இனி நான் செய்வேன், முதல் சனிக்கிழமைகளில், கேபிளைக் கழற்றவேண்டிய இடத்தில் கழற்றி. அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. அவனுடையது என்று நான் எனக்காக வைத்துக்கொள்வது 'இந்த ஊர்ல அவன் கையி மாதிரி ஒரு கையி கிடையாது' என்று கோமதி சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைத்தான். நாலைந்து நாளாக அதை அவன் குரலில் சொல்லிப் பார்க்கிறேன், சரியாக வரவில்லை. அவள் அதை அவன் வாயாலேயே கேட்டிருக்கிறாள். இப்போது எனக்குக் கோமதியைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது.