ஜொஹரா பீவி கொடுத்த பிரமாணப் பத்திரம்

காட்டுமன்னார்கோயில் ஜொஹரா பீவிக்குக் கையால் ரவிக்கை தைப்பதுதான் பிழைப்பு. தையல் பொடிப்பொடியாக, மிஷினில் அடித்ததுபோல் விழும். ஆனால் ஒரு ரவிக்கைக்கு இரண்டு நாள் பிடிக்கும். அதை வைத்துக்கொண்டு இரண்டு பெண்பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டும்.

புருஷன் ரஃபியுதீன் ரங்கூனில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தான். அறுபத்திரண்டுக்குப் பிறகு கடிதம் இல்லை. அறுபத்துநாலில் பர்மாவிலிருந்து கப்பல் கப்பலாக ஜனங்கள் திரும்பியபோதும் அவன் வரவில்லை. வந்தவர்களில் ஒருவர், அவனைப் பர்மாவிலேயே மோல்மேன் என்ற ஊரில் பார்த்ததாகச் சொன்னார். இன்னொருவர், காய்ச்சலாகக் கிடந்தான், அதற்குமேல் தெரியாது என்றார்.

அறுபத்தாறில், கடலூரில் அமராவதி அம்மாள் தரும நிதி என்று ஒன்று ஏழைப் பெண்களுக்குத் தையல் மிஷின் கொடுப்பதாகக் கேள்விப்பட்டாள். சிதம்பரத்தில் கோர்ட்டுக்கு எதிரே டைப் அடிக்கும் சபாபதியிடம் ஒரு மனு அடித்து வாங்கிக்கொண்டு கடலூருக்குப் போனாள்.

நிதியின் செயலாளர் மணவாளன் நல்ல மனுஷர். உட்காரச் சொன்னார். அவள் கொண்டுபோன ரவிக்கையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இந்தக் கைக்கு மிஷின் கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பது என்றார். பிறகு மனுவைப் படித்தார்.

"புருஷன் இருக்கார்னா அவர் சம்மதக் கையெழுத்து வேணும். இல்லேன்னா இறப்புச் சான்றிதழ் வேணும். ரெண்டுல ஒண்ணு இல்லாம கமிட்டியில வைக்க முடியாதும்மா" என்றார்.

இரண்டுக்கும் அவளிடம் வழி இல்லை. ஊருக்கு வந்து கிராம முன்சீப்பைக் கேட்டாள். பர்மாவில் நடந்த சாவை இந்த ஊர்ப் பதிவேட்டில் எப்படி எழுதுவது, அதுவும் நடந்ததா இல்லையா என்றே தெரியாமல், என்று அவர் கைவிரித்துவிட்டார்.

மறுபடியும் சபாபதியிடம் போனாள். பிரமாணப் பத்திரம் கொடுத்தால் ஒத்துக்கொள்வார்கள் என்று சொல்லி அவரே அடித்தார். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுவது அவர் வழக்கம். அவளுக்கும் வாசித்தார். 'என் கணவர் மரணமடைந்துவிட்டார் என்று மனப்பூர்வமாக நம்புகிறேன்' என்ற இடம் வந்ததும் அவள் நிறுத்தச் சொன்னாள்.

"அண்ணே, நம்புறேன்னு போடாம விட முடியாதா?"

"அதுக்குத்தானேம்மா இந்தப் பத்திரமே."

வீட்டில் பெண்கள் இருவரும் காலையில் நீராகாரம் மட்டும் குடித்திருந்தார்கள். கைநாட்டு வைத்தாள். எதிரே கோர்ட்டில் நோட்டரி வக்கீல் ஒருவர் அதில் முத்திரை போட்டுக் கொடுத்தார். அன்றைக்கே பதிவுத் தபாலில் கடலூருக்கு அனுப்பினாள்.

அவள் சொல்லாமலே சேதி ஊருக்கு வந்துவிட்டது. மூன்றாம் நாள் ரஃபியுதீனின் தங்கை சலீமா பீவி வந்தாள். அண்ணன் திரும்பி வருவான் என்று வெள்ளிக்கிழமை தவறாமல் துஆ கேட்கிறவள். உள்ளே வராமல் வாசற்படியில் நின்று, ஜொஹராவின் கழுத்தில் தாலியாகக் கிடந்த கருகமணியையே பார்த்தாள்.

"மச்சி, எங்கண்ணன் மௌத்தாயிட்டார்னு ஒனக்கு யார் சொன்னா?"

ஜொஹரா மிஷினைப் பற்றிச் சொல்லப் பார்த்தாள். சலீமா கேட்க நிற்கவில்லை. அடுத்தடுத்து இரண்டு வீட்டுப் பெண்கள் துக்கம் விசாரிக்க வந்தார்கள். புருஷன் செத்தால் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டுமே, இத்தா இருக்கலையா என்று ஒருத்தி கேட்டாள். இருப்பதா வேண்டாமா என்று ஜொஹராவுக்கே தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்துக் கடலூரிலிருந்து கார்டு வந்தது. இந்த வருஷத்து மிஷின்கள் கொடுத்து முடிந்துவிட்டன, அடுத்த வருஷம் புதிதாக மனுச் செய்யவும் என்று இருந்தது.

அவள் கடலூர் போய், மிஷின் வேண்டாம், அந்தப் பத்திரத்தை மட்டும் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டாள். மணவாளனுக்கு முகம் வாடிவிட்டது. ஃபைலில் கோத்த காகிதத்தை எடுத்துக் கொடுக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். காப்பி வாங்கிவரச் சொல்லட்டுமா என்று கேட்டார். அவள் வேண்டாம் என்று எழுந்தாள்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம், ரஃபியுதீன் உயிரோடிருந்தால் தன்னை மன்னிக்க வேண்டும் என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டே வந்தாள். அவன் கடைசிவரை வரவில்லை; செத்தான் என்ற சேதியும் வரவில்லை. அடுத்த வருஷம் அவள் மனுப் போடவில்லை.