மச்சாளின் சருகு மேசை

என் மச்சாள் செலஸ்ரீனாவைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஊருக்கெல்லாம் நல்லவள் என்று பெயரெடுத்த ஒருத்தியைக் குடும்பத்தில் வைத்துக்கொண்டிருப்பது எவ்வளவு கரைச்சல் என்பது பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

அவள் என் அண்ணன் கொட்வினின் மனைவி. மன்னாரில் பேசாலைக்காரி. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது என்பதால் வாடி போடி என்றுதான் பழக்கம். அவளும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள். அண்ணன் இத்தாலியில், பலேர்மோ துறைமுகத்தில் நாப்போலி கப்பலுக்குச் சாமான் ஏற்றுகிறார். நான் மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் மீன் வெட்டுகிறேன். வுச்சீரியாச் சந்தைப் பக்கம் ஒரே கட்டடத்தில் அவர்கள் மேலே, நான் கீழே. மச்சாள் இங்கே வந்த புதிதில் சினியோராமாரின், அதுதான் இத்தாலிக்கார அம்மாமாரின், வீடுகளைக் கூட்டித் துடைத்தாள். பிறகு பல்கலைக்கழகத்தில், காடுகளை ஆராய்கிற ஒரு பகுதியில் துப்புரவு வேலை கிடைத்தது.

அங்கே அவர்கள் ஆராய்வது மதோனியே மலைக் காட்டை. பலேர்மோவுக்குக் கிழக்கே இருக்கிற மலைகள்தான். அங்கே உயரத்தில் ஃபாஜ்ஜோ என்றொரு மரம் நிற்கிறது. ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் சமதரையில் வளர்கிற குளிர்தேசத்து மரம். பலேர்மோ இருக்கிற இந்தத் தீவில் வெயில் தாங்காமல் மலையேறிப் போய் நிற்கிறது. வருடத்துக்கு வருடம் வெயில் கூடுவதால் அது இன்னும் மேலே ஏற வேண்டும். ஆனால் அதற்கு மேலே மலை இல்லை. அந்த மரங்கள் என்ன பாடு படுகின்றன என்று பார்ப்பதுதான் ஜுலியானா என்கிற ஆய்வாளரின் வேலை. மச்சாளின் வாயில் அவர் எப்போதும் தொத்தொரெஸாதான், டாக்டரம்மா என்கிற மாதிரி.

பார்க்கிற விதம் எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. மரங்களுக்குக் கீழே வலை கட்டி, விழுகிற இலை, சுள்ளி, கொட்டை எல்லாவற்றையும் பிடிப்பார்களாம். பைகளில் கட்டிக் கொண்டுவந்து, காய வைத்து, வகை வகையாகப் பிரித்து நிறுப்பார்களாம். எந்த வருடம் இலை முந்தி உதிர்ந்தது, எந்த வருடம் கொட்டை காய்க்கவில்லை என்று வரிசையாக வைத்துப் பார்த்தால் மரத்தின் சுகதுக்கம் விளங்குமாம். பின்லாந்தில் பனிக்குள் நிற்கிற காட்டிலும் இதே மாதிரி வலை கட்டியிருக்கிறார்களாம்.

"குப்பை பொறுக்கிறதுக்கும் பட்டம் குடுக்கிறாங்களோ?" என்று நான் கேட்டேன்.

"உனக்கு மீன் செதிலைத் தவிர வேறை என்ன தெரியும்?" என்றாள் மச்சாள்.

சருகு பிரிக்க வேண்டிய மாணவர்கள் ஒருமுறை பரீட்சைக்கென்று போய்விட, மேசை குவிந்து கிடந்தது. தரை துடைக்கப் போன மச்சாள், நான் உதவட்டுமா என்று கேட்டிருக்கிறாள். பேசாலையில் கருவாடு தரம் பிரித்த கை. தொத்தொரெஸாவுக்கு அந்தக் கை பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து காலையில் கூட்டல் துடைத்தல், மத்தியானத்துக்குப் பிறகு சருகு மேசை. அவள் வாழ்நாளில் உட்கார்ந்திருந்து செய்த வேலை அது ஒன்றுதான். மற்றதெல்லாம் நின்றும் குனிந்தும் முழங்காலில் கிடந்தும் செய்தவை. மேசைக்கு முன்னால் கதிரையில் இருந்து, விளக்கை இழுத்து வைத்து, ஒவ்வோர் இலையாக எடுத்துப் பார்க்கிறபோது தனக்கு மனம் பூசையில் இருப்பதுபோல ஆறிவிடும் என்பாள். எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும். மீன் தலையோடு யாருக்கு மனம் ஆறும்?

ஆனால் அந்தக் காட்டை அவள் கண்டதே இல்லை. பலேர்மோவில் அவள் ஏறிய ஒரே மலை பெல்லெக்றீனோ, அதுவும் ஊரைக் காக்கிற புனிதவதி சாந்தா றொசாலியாவுக்கு நேர்த்தி வைத்து. வருகிற ஒக்ரோபரில் வலை கழற்றப் போகும்போது உங்களையும் கூட்டிக்கொண்டு போவேன் என்று தொத்தொரெஸா ஒருநாள் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். மச்சாள் பல்லறோச் சந்தைக்குப் போய் மலையேறுகிற சப்பாத்து வாங்கி, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். அண்ணன் அதில் தடக்கி விழாத நாளில்லை.

"மச்சாள், எவரெஸ்டுக்கோ போறாய்?" என்று நான் பகிடி பண்ணுவேன். அவள் சிரித்துக்கொண்டே சப்பாத்தைத் துடைப்பாள்.

அதற்குள் மே மாதத்தில் படியில் சறுக்கிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டாள். கால் ஆறும்வரை அவளுடைய இடத்தில் கூட்டித் துடைக்க ஓர் ஆள் வேண்டும். அவளே பிடித்துக் கொடுத்த ஆள்தான் வேணுகா. வன்னிப் பிள்ளை. புருசன் கபிலன், என் அண்ணனோடு துறைமுகத்தில் வேலைக்கு நிற்கிறான். அவள் இத்தாலிக்கு வந்து கொஞ்சக் காலம்தான். துப்புரவுக்கு ஆள் அனுப்புகிற கம்பனி, இந்த இடத்தில் ஒரு குறையும் வராவிட்டால் நிரந்தர ஒப்பந்தம் தருவதாகச் சொல்லியிருந்தது. ஒப்பந்தம் இருந்தால்தான் கெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் அவளுடைய பெர்மெஸோவை, இங்கே தங்குகிற அனுமதியை, புதுப்பிப்பார்கள். இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை இங்கே இருக்கிற தமிழருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

கால் ஆறி வேலைக்குப் போன முதல்நாள் பின்னேரம் மச்சாள் நேரே என் வீட்டுக்கு வந்தாள். வேணுகாவும் அங்கேதான் இருந்தாள். என்னிடம் மிளகாய்த்தூள் வாங்க வந்தவள்.

"வேணுகா, கீழறைத் தட்டிலை கடதாசிப் பையள் அடுக்கிக் கிடந்ததெல்லே? எங்கையம்மா வைச்சனீ?"

"அதோ அக்கா? எறிஞ்சிட்டன்."

"எறிஞ்சனீயோ!"

"ஓமக்கா. லெத்தியேரா எண்டு பெரிசா எழுதிக் கிடந்தது. எவ்வளவு பாரம்! ரெண்டு மூண்டு தரம் ஏறி இறங்கி, றோட்டுக் குப்பைத் தொட்டியிலை போட்டனான்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. வீட்டு வேலை செய்கிற எங்களுக்கு இத்தாலியன் படிப்பித்தது பள்ளிக்கூடமா? சினியோராமார்தானே. வேணுகா பின்னேரங்களில் வேலை செய்கிற வீட்டில் பூனைகள் ஒரு பட்டாளம். பூனை கழிக்கிற மண்தட்டுக்கு லெத்தியேரா என்று பெயர். வீட்டுக்குள் காலடி வைத்ததும் சினியோரா 'வேணுகா, லா லெத்தியேரா!' என்று கத்துவாவாம். அந்தப் பிள்ளை இத்தாலியனில் முதலில் படித்த சொல்லே அதுதான். காட்டில் மரத்துக்குக் கீழே கிடக்கிற சருகுக்கும் படித்தவர்கள் அதே சொல்லைத்தான் சொல்வார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"ஒரு பையையாவது திறந்து பாக்கேல்லையோடி?" என்றேன்.

"பூனைப் பீயை ஆரக்கா திறந்து பாப்பினம்? படிச்ச ஆக்கள் கனக்கப் பூனை வளக்கினம் போலை எண்டு நினைச்சன்."

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பிறகு மச்சாளின் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

அந்தப் பைகளில் இருந்தது போன கோடையின் சருகு. பலேர்மோவில் குழாய்த் தண்ணீரை முறை வைத்து வெட்டினார்களே, அந்தக் கோடை. மலையில் ஓகஸ்டிலேயே மரங்கள் இலையைக் கொட்டிவிட்டன. இப்படி ஒரு கோடையில் அந்தக் காடு என்ன செய்கிறது என்று பார்க்கத்தான் தொத்தொரெஸா அத்தனை வருடமாக வலை கட்டிக்கொண்டிருந்தார். காய வைத்து, பிரிப்பதற்கு மச்சாளின் கால் ஆறட்டும் என்று காத்திருந்த பைகள் அவை. குப்பை லொறி எப்போதோ ஏற்றிக்கொண்டு போயிருக்கும்.

"பெரிய சாமானோ அக்கா?" என்று வேணுகா பயந்து கேட்டாள்.

"சீ, ஒண்டுமில்லை. நான் கதைச்சுக்கொள்ளுறன். நீ போய்ச் சமை."

அவள் போனதும் மச்சாள் என்னிடம் சொன்னாள். "நான்தான் எறிஞ்சதெண்டு சொல்லப்போறன்."

"உனக்கென்ன விசரே?"

"எனக்கு நிரந்தரக் கடதாசி இருக்கு. என்னை நாட்டை விட்டு அனுப்பமாட்டினம். அவளின்ரை பேர் கம்பனிக்குப் போனால் ஒப்பந்தம் இல்லை."

"உன்னை மேசையாலை எழுப்பிப்போடுவினம். மலையும் இல்லை. தெரியுமே?"

"தெரியும்."

"அந்த மனிசியிட்டை உள்ளதைச் சொல்லிப் பாரன். நல்ல மனிசி எண்டு நீதானே சொல்லுறனி."

"நல்ல மனிசிதான். ஆனால் அதை வைச்சு அந்தப் பிள்ளையின்ரை சீவியத்தைச் சோதிச்சுப் பாக்கேலாது மச்சாள்."

நான் கத்தினேன். கெஞ்சினேன். நானே போய்ச் சொல்கிறேன் என்று வெளிக்கிட்டேன். அவள் வாசலை மறித்துக்கொண்டு, சாந்தா றொசாலியா மேல் சத்தியம் பண்ணச் சொன்னாள். பண்ணித் தொலைத்தேன். அந்தப் புனிதவதி எனக்கு ஒரு குறையும் வைத்ததில்லை, அவவோடு விளையாட எனக்குப் பயம்.

அடுத்தநாள் மச்சாள் போய்ச் சொன்னாள். தட்டைத் துப்புரவாக்கும்போது பழைய பைகள் என்று நினைத்து எறிந்துவிட்டேன் என்று. தொத்தொரெஸா ஏசவில்லையாம். வெறும் தட்டை ஒருதரம் கையால் துடைத்தாராம். பிறகு, இனிமேல் சருகுகளை மாணவர்கள் பார்த்துக்கொள்வார்கள் சினியோரா, நீங்கள் தொட வேண்டாம் என்று மெல்லமாகச் சொன்னாராம். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன் என்றாள் மச்சாள். அன்றிரவு சப்பாத்து கட்டிலுக்கு அடியில் போயிற்று.

வேணுகாவுக்கு ஒப்பந்தம் வந்தது. சந்தோசத்தில் எல்லோருக்கும் பால்சோறு கொண்டுவந்து கொடுத்தாள். மச்சாள் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். நான் என் பங்கை மூடி வைத்துவிட்டேன். கோடை முழுக்க அவள் அந்த மேசையைத் துடைத்தாள், அதற்கு முன்னால் கதிரையில் இருக்கவில்லை. வீட்டில் வழமைபோலச் சிரித்துக் கதைத்தாள். மத்தியானத்தில் மட்டும் கை சும்மா இருக்கமாட்டாது. அரிசியைக் கொட்டி வைத்துக் கல் பொறுக்குவாள். இத்தாலிப் பெட்டி அரிசியில் எங்கேயடி கல்? பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

செத்தெம்பரில் பல்கலைக்கழகக் கட்டடத்தின் மேல்மாடிக்குக் கம்பனி வேணுகாவையும் அனுப்பியது. ஒருநாள் தொத்தொரெஸா புதுப் பைகளை இறக்கிக்கொண்டு, கொஞ்சம் பிடியுங்கள் என்று அவளைக் கூப்பிட்டிருக்கிறார். இந்தப் பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு அவருக்குப் பின்னால் போயிற்றாம். ஏன் என்று கேட்க, பூனை என்றாளாம். எந்தப் பூனை என்று கேட்க, தனக்குத் தெரிந்த இத்தாலியனில் முழுக் கதையையும் சொல்லிவிட்டாள். சினியோரா வீடு, மண்தட்டு, போன தரம் தான் எறிந்த பைகள், எல்லாம். மச்சாள்தான் எல்லாம் சரிக்கட்டியாயிற்று என்று சொல்லிவிட்டாளே. அவளுக்கென்ன பயம்?

தொத்தொரெஸா மச்சாளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டார். மச்சாள் பெர்மெஸோக் கதையைச் சொன்னாள். நடந்ததை மச்சாள் என்னிடம் சொன்னபடியே சொல்கிறேன்.

"மச்சாள், அந்த மனிசி சொல்லுறா, சருகு போனால் அந்த வருசத்தை வெறுமையா விடுவனாம். வெறுமை ஒருத்தருக்கும் தீங்கு செய்யாதாம். ஆனால் பிழையான ஒண்டை எழுதிவைச்சால், பக்கத்திலை இருக்கிற சரியானதுகளையும் அது கெடுத்துப்போடுமாம். நீங்கள் எனக்குத் தந்தது பிழையான கணக்கு, அதை வைச்சு நான் உங்களைப் பிழையா நிறுத்துப்போட்டன் எண்டு சொல்லி அழுதிட்டா. நானும் அழுதிட்டன்."

"நல்லா வேணும் உனக்கு!" என்றேன். நானும் அழுதேன், அது வேறு.

கம்பனிக்கு ஒரு சொல்லும் போகவில்லை. மச்சாள் திரும்பவும் சருகு மேசைக்குப் போனாள். பூனை வீட்டில் சொல் படித்தவளின் குற்றம் இல்லை, பையில் ஒற்றைச் சொல்லை எழுதிவிட்டுப் போன என் குற்றம் என்று தொத்தொரெஸா வேணுகாவிடம் சொன்னாராம். இப்போது பைகளில் அந்தச் சொல் இல்லை. 'இலைகள், எறிய வேண்டாம்' என்று இத்தாலியனில் இருக்கிறது. அதற்குக் கீழே மச்சாளின் கையால், கொட்டை எழுத்தில், 'சருகு. தொட்டால் கொல்லுவன்' என்று தமிழில் இருக்கிறது. என்ன எழுதியிருக்கிறது என்று தொத்தொரெஸா கேட்டதற்கு, அதே அர்த்தம்தான் என்று சொல்லியிருக்கிறாள். திருந்தின லட்சணத்தைப் பாருங்கள்.

ஒக்ரோபரில் சப்பாத்து கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. விடியவே வாகனம் வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று. அண்ணனுக்கு இல்லாத பதற்றம் எனக்கு. கால் திரும்பவும் சுளுக்கினால்? குளிர் பிடித்தால்? மத்தியானம் குசினியில் நான் வாள்மீனை அறுத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. மீன் கையோடு எடுத்தேன். முதலில் காற்றுச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"மச்சாள்? என்ன, விழுந்திட்டியோ?"

"இல்லையடி. நிக்கிறன். காட்டுக்குள்ளை நிக்கிறன்."

"எப்பிடி இருக்கு?"

உச்சியில் சில மரங்கள் பட்டுப்போய் நிற்கின்றன என்றாள். போன கோடை தாங்கவில்லையாம். மற்ற மரங்கள் மஞ்சளாக நிற்கின்றனவாம், கழுத்து நோக நோக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறாளாம். பிறகு காற்றுக்கு மேலாகக் கத்தினாள்.

"இவ்வளவு காலமும் விழுந்ததை மட்டும்தானே மச்சாள் நான் பாத்தனான். இன்னும் எவ்வளவு நிக்குது தெரியுமே!"

பின்னாலிருந்து முதலாளி என்னைக் கூப்பிட்டார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பொறு என்று அவருக்குத் தமிழிலேயே சொன்னேன்.

"சொல்லு மச்சாள்," என்றேன். "எல்லாத்தையும் சொல்லு."