துணிக்குச் சூடு தெரியாது

எங்கள் வீட்டை ஒட்டியே பனியன் தைக்கும் ஓவர்லாக் யூனிட் இருக்கிறது. பறக்கிற பஞ்செல்லாம் எங்கள் சடைநாய் ஜிம்மியின் முடியில்தான் சிக்கும். முடியை வெட்டிவிட மெஷின் வாங்கப் போனேன். பனியன் வேஸ்ட் துணியில் ஓட்டிப் பார்த்தேன். பிசிறைச் சுத்தமாக வெட்டியது, வாங்கிவிட்டேன். துணிக்குச் சூடு தெரியுமா? அந்த அறிவு எனக்கில்லை.

முதுகு வரை பொறுத்த ஜிம்மி, வயிற்றில் வைத்ததும் கத்தித் துள்ளினாள். "சும்மா இருடி சனியனே!" என்று அழுத்திப் பிடித்தேன். என் வீட்டுக்காரர் ஓடிவந்து மெஷினைப் பிடுங்கி அணைத்து, பிளேடை என் மணிக்கட்டில் வைத்தார். அலறிக் கையை இழுத்தேன்.

"ஏம்புள்ள, உனக்கு ஒரு நொடி தாங்குல. அது இத்தன நேரம் தாங்குச்சே, உன்னையக் கடிச்சுதா?"

ஜிம்மியின் வயிறெல்லாம் சிவந்த கோடுகள்.

காயம் ஆறியதும் வேறு மெஷின் வாங்கினேன். கடையிலேயே வெகுநேரம் ஓடவிட்டு, பிளேடைக் கையில் வைத்து வைத்துப் பார்த்தேன். "ஏனுங்கக்கா, மெஷின் வாங்கறீங்களா, இல்ல கரண்டுக்குக் காசு தரீங்களா?" என்றான் கடைக்காரன். முறைத்தேன்.

இது சூடாகாத நல்ல மெஷின். ஆனால் அதைக் கையில் எடுத்தாலே ஜிம்மி கட்டிலுக்கடியில் போய்விடுகிறாள். எனக்குத் திட்டத்தான் வாய் வருகிறது. வாயை மூடிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து காத்திருக்கிறேன்.