மிலிட்டரி லாரியில் முருகன் விளக்கு

இன்வெர்ட்டருக்குத் தண்ணீர் ஊற்ற பேட்டரி மூடியைத் திறந்ததும் ஆசிட் வாடை மூக்கில் ஏற, திருப்போரூரில் இப்போது மனை விற்கும் ஆபீஸ் இருக்கிற இடத்தில் அன்று இருந்த ஸ்டெல்லா அத்தையின் பேட்டரி கடை, தகரக் கூரையும் சார்ஜரின் ஓயாத முனகலுமாக என் முன்னால் வந்து நின்றது.

அங்கே அடிக்கடி வருவது, ஏலத்தில் எடுத்து, கோடையில் ஊருக்குத் தண்ணீர் அடித்த பழைய மிலிட்டரி லாரி. அதற்கு இரண்டு பேட்டரி சேர்ந்தால்தான் உயிர் வரும்; அதில் ஒன்று எப்போதும் படுத்துவிடும், இன்னொன்று கொதித்து நாறும். "இன்னாக்கா, உன் சார்ஜே டுபாக்கூரா கீது" என்று டிரைவர் மணி தெருவே கேட்கக் கத்திய அன்று, அத்தை முந்தானையைச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு ஒயராகக் கழற்றிப் பார்த்தபடி கேபினுக்குள் போய், முருகன் படத்துக்கு முன் இரவும் பகலும் எரிந்த சிவப்பு பல்பில் வந்து நின்றாள். மணி அதற்கு ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் ஒயர் இழுத்திருந்தான். அது காலியாகிக்கொண்டே இருக்க, வண்டி ஓடும்போது இரண்டுக்கும் ஒரே அளவு சார்ஜ் ஏறுவதால் மற்றதில் மிஞ்சிப் பொங்கியிருக்கிறது என்றாள்.

"சாமி விளக்க நிறுத்தச் சொல்றியா? நீ சர்ச்சுக்குப் போறவ, அப்டிதான் சொல்லுவ."

அத்தை சிரித்தாள். படுத்த பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி, இரண்டுக்கும் பொதுவாக வேறு சிவப்பு பல்பு மாட்டி, அதைச் சாவியோடு இணைத்தாள். "வண்டி தூங்கறப்போ அவரும் கொஞ்சம் தூங்கட்டும், மணி."

அவன் சாவியைத் திருப்பினான். முதலில் முருகன் சிவந்தார், பிறகு லாரி உறுமியது. படத்தின் பக்கத்தில் அத்தை நிற்க, மணி சட்டென்று கை கூப்பினான். எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டான் என்பதில்தான் எனக்கு இன்னும் சந்தேகம்.