உத்தரவு வராத கிணறு

இருபதுக்கு இரண்டு மார்க் வாங்கியிருக்கிறேன். சிரிக்காதீர்கள்... அந்த இரண்டும் கையெழுத்துக்காம்!

அரியலூரில் ஞாயிறுதோறும் ஒரு வகுப்பு. சர்க்கார் குமாஸ்தா பரீட்சை எழுதுகிறவர்களுக்கு, ஆபீஸ் நிர்வாகமும் தலைமையும் சொல்லித்தருகிறார் தாலுகா ஆபீஸிலிருந்து ரிட்டயரான சிரஸ்தார் ஒருவர். நான்கு ஆண்கள், நான். "படிச்ச படிப்பு வீணாகணுமா?" என்று என் கணவர்தான் சேர்த்துவிட்டார். அங்கே உட்கார்ந்தால் இரண்டு வயது ஜெயா அழுகிறாளோ என்று கவலை. வீட்டில் இருந்தால் பாடம் போகிறதே என்று கவலை.

போன வாரக் கேள்வி இது: கிராமத்தில் காலரா, நீங்கள்தான் பொறுப்பு, என்ன செய்வீர்கள்?

உடனே கிணற்றில் மருந்து போடுவேன், தண்டோரா போடச் சொல்வேன், பிறகு மேலே எழுதுவேன் – இதுதான் என் பதில்.

"ஏம்மா, யாரைக் கேட்டு மருந்து போட்டீங்க?" என்றார் சிரஸ்தார்.

"ஜனங்க அந்தத் தண்ணியைத்தானே சார் குடிப்பாங்க..."

"உத்தரவில்லாம போட்டு ஒருத்தன் செத்தா, பழி உங்க தலையில. போடாம செத்தா, காலரா தலையில. இதாம்மா நிர்வாகம்!"

நான்கு ஆண்களும் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அவர்களில் பதினெட்டு மார்க் வாங்கியவர் சம்பந்தம். எங்கள் தெருக்காரர், ஏற்கெனவே பஞ்சாயத்து ஆபீஸில் தற்காலிகக் குமாஸ்தா. தகவலைப் பதிந்து, மேலே அனுப்பி, நகலைப் பத்திரப்படுத்தி, உத்தரவுக்குக் காத்திருப்பேன் என்று எழுதியிருந்தார்.

புதன்கிழமை எங்கள் தெருவிலேயே இரண்டு வீடுகளில் வாந்திபேதி. எல்லோருக்கும் ஒரே கிணறு. அதில் போடும் ஊதா மருந்து சம்பந்தத்தின் பொறுப்பில் இருந்தது. ஜெயாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினேன்.

"எழுதி அனுப்பிட்டேங்க அக்கா. உத்தரவு இன்னும் வரல."

"வூட்டுல யாரையும் காணோமே, தம்பி?"

அவர் தலையைச் சொறிந்தார். "பொஞ்சாதி புள்ளைங்கள நேத்தே அரும்பாவூருக்கு அனுப்பிட்டேங்க."

"அதுக்கு எந்த ஆபீஸ்ல உத்தரவு வாங்குனீங்க?"

அவர் உள்ளே போனார். மருந்து டின் வாசற்படிக்கு வந்தது. "நான் குடுத்தேன்னு யாருகிட்டயும் சொல்லிடாதீங்க அக்கா..."

நாங்கள் நாலு பெண்கள் சேர்ந்து கரைத்து ஊற்றினோம். தண்ணீர் ரோஜா நிறமானது. அதன் பிறகு எனக்குத் தூக்கமா வரும்? அளவு கூடிவிட்டதோ? குறைந்துவிட்டதோ? தண்ணீரை இரண்டு தரம் காய்ச்சினேன். ஜெயாவின் வயிற்றை நூறு தரம் தொட்டுப் பார்த்தேன். நல்லவேளை, அந்த இரண்டு வீடுகளைத் தாண்டி நோய் வரவில்லை.

சனிக்கிழமை சம்பந்தம் டின்னோடு கிணற்றடியில் நின்றார். முகத்தில் அப்படி ஒரு கம்பீரம்!

"உத்தரவு வந்துடுச்சுங்க அக்கா. மருந்து போடணும்."

"அதான் போட்டாச்சே, தம்பி?"

"உத்தரவுக்கு முன்னாடி போட்டது செல்லாதுங்களே!"

போட்டார். இரண்டு நாளாகத் தெருவே குடிக்க முடியாத கத்திரிப்பூ நிறத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

சம்பந்தம் பரீட்சையில் பாஸாகிவிடுவார், சந்தேகமில்லை. நானும் பாஸாகித் தொலைத்தால்...? அதுதான் இப்போது என் பயம்.