பதினான்காம் நம்பர் சட்டை

ஒமாஹா கூடைப்பந்து அணிக்காக ஒன்பது வருடம் முழங்கால் தேய ஓடிய கோர்டெல் பிக்கெட்டை, ஒரு வார்த்தை கேட்காமல் வேறு அணிக்கு மாற்றிவிட்டார்கள். முடிவெட்டும் கடை டிவியில் பார்த்துத்தான் அவனுக்கே தெரிந்தது. போகிற இடம் பதின்மூன்று கோப்பைகள் வென்ற பழம்பெரும் அணி. கடையே கைதட்டியது. அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏஜெண்ட் ஃபெல்ப்ஸ் போனில் துள்ளினான். "அதிர்ஷ்டக்காரன்டா நீ! அவனவன் அந்த டீமுக்குத் தவம் கிடக்கிறான்!"

"என் பதினாலாம் நம்பர் கிடைக்குமா?"

"அது அவங்க பழைய ஸ்டாரோட நம்பர்ப்பா. அந்தச் சட்டையைக் கூரையில தொங்கவிட்டுட்டாங்க, இனிமே யாருக்கும் கிடையாது. உனக்கு அறுபத்தொண்ணு."

"அறுபத்தொண்ணா? எப்பவோ ஆடி முடிச்சவனுக்கு இருக்கிற மரியாதை, இன்னிக்கு ஓடுறவனுக்கு இல்லையா? இங்க நான் ஒரு வருஷம் காலொடிஞ்சு கிடந்தப்பகூட என் நம்பரை எவனும் தொடலடா!"

அதே ஆத்திரத்தோடு, தன் சட்டையை எடுத்துப்போக ஒமாஹா அணியின் உடைமாற்றும் அறைக்குள் நுழைந்தான். சட்டைகளைப் பார்த்துக்கொள்ளும் வெண்டல் இஸ்திரிப் பெட்டியோடு நின்றிருந்தார். மேசைமேல் பதினான்காம் நம்பர் சட்டை கிடந்தது. அதில், இவனுக்குப் பதிலாக வருகிறவனின் பெயர்.

கோர்டெல் கையை நீட்டினான்.

"தொடாத தம்பி," என்றார் வெண்டல். "இப்பதான் ஒட்டினேன். சூடு ஆறல."